உல்மர் ஹோக்கர்: திருகாணியும் இல்லை, நெம்புகோலும் இல்லை, உயரம் மட்டும் மாறும்

வேலை மேசைக்கு உயரம் மாற்றுகிற ஸ்டூல் தேடினால் பெரும்பாலும் இரண்டு ரகம் கண்ணில் படும். சுற்றிச் சுற்றி ஏற்றும் பழைய திருகு ரகம் ஒன்று, நெம்புகோலைத் தொட்டால் புஸ்ஸென்று ஏறி இறங்கும் கேஸ் ரகம் இன்னொன்று. நான் சில வருடங்களாக வைத்திருக்கும் உல்மர் ஹோக்கரில் இரண்டுமே கிடையாது. இரண்டு பக்கமும் மேலேயுமாக மூன்று பலகை, கீழே குறுக்கே ஒரு உருட்டுக் கம்பு, அவ்வளவுதான். நிமிர்த்தி வைத்தால் 44 சென்டிமீட்டர் உயரம், பக்கவாட்டில் சாய்த்தால் 39.5.

நாலரை சென்டிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். மேசையில் எழுதும்போது 44 வசதி. தரையில் விரித்துப் போட்ட பொருளைக் குனிந்து பார்க்க, ஷூ லேஸ் கட்ட, சைக்கிள் செயினில் கை வைக்க 39.5தான் சரி. குனிந்து செய்யும் வேலையில் அந்தச் சின்ன இறக்கத்தை முழங்கால் நன்றாகவே உணரும்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஹிட்லர் எதிர்ப்புத் துண்டறிக்கைகளை விநியோகித்ததற்காக 1943இல் மூனிக்கில் கொல்லப்பட்டவர்கள் ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல். அவர்கள் நினைவாக அக்கா இங்கெ ஐஷர்-ஷோல், அவர் கணவர் ஓட்ல் ஐஷர், சுவிஸ் கலைஞர் மாக்ஸ் பில் மூவரும் சேர்ந்து தெற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1953இல் தற்காலிக இடத்தில் பாடம் ஆரம்பம். குன்றின் மேல் சொந்தக் கட்டடம் 1955இல்தான் திறந்தது. ஜெர்மனியில் இருந்த அமெரிக்க உயர் ஆணையர் வழியாகப் பத்து லட்சம் மார்க் கிடைத்திருந்தும், கட்டடமே முழுங்கிவிடும் நிலை. அறை அறைக்குத் தனித்தனியாக நாற்காலி வாங்கிப் போட எங்கே போவது? ஆளுக்கொரு ஸ்டூல், அதை அவரவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவானது.

1954இல் அதை வடிவமைத்தவர்கள் மாக்ஸ் பில்லும் ஹான்ஸ் குகெலோட்டும். பிரவுன் என்ற ஜெர்மன் மின்சாதன நிறுவனத்தின் எஸ்கே 4 ரேடியோ-கிராமபோனில் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸோடு சேர்ந்து வேலை பார்த்தவர்தான் இந்தக் குகெலோட். கல்லூரியின் மரப்பட்டறையைக் கவனித்துக்கொண்ட பவுல் ஹில்டிங்கரின் பங்கும் இதில் உண்டு. ஆனால் விற்பனை அட்டையில் பெரும்பாலும் பில்லின் பெயர்தான் பெரிதாக இருக்கும். எனக்கென்னவோ இந்த ஸ்டூலில் பட்டறைக்காரரின் கைதான் அதிகம் தெரிகிறது. அங்கே இருந்த இயந்திரங்களில் வெட்டிச் சேர்க்க முடிந்ததற்கு மேல் இதில் எதுவுமே இல்லை.

மூலைகளைப் பாருங்கள். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பல் வெட்டி, பசை போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ஆணி கிடையாது. மூன்று பலகைகளிலும் மர ரேகை ஒரே ஓட்டமாக, ஏறி, குறுக்கே போய், மறுபக்கம் இறங்குகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மரம் சுருங்கும், கோடையில் உப்பும். மூன்றும் ஒரே திசையில் அசைவதால் மூலையில் வெடிப்பு விழவில்லை.

கம்பின் வேலை இன்னும் சுவாரசியம். நிமிர்ந்து நிற்கையில் இரண்டு பக்கப் பலகைகளையும் விலகாமல் பிடித்துக்கொள்கிறது, குதிகாலைச் செருகி வைக்கவும் ஆகிறது. சாய்த்து வைத்தால் திறந்த பக்கத்தில் தூணாக நின்று உங்கள் எடையில் பாதியைத் தாங்குகிறது. தலைகீழாகப் புரட்டினால் அதுவே கைப்பிடி. புத்தகம், அளவுகோல், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் உள்ளே போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். உல்ம் மாணவர்களும் இப்படித்தான் நடந்தார்கள். மூன்றாவது பக்கமாக, 29.5 உயரத்தில் கிடத்தினால் மேலே வெறும் விளிம்புதான், எதற்கும் உதவாது.

சரி, உட்கார எப்படி? ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் முதுகு முறையிடும். பலகை தட்டை, ஆழம் குறைவு, தொடையின் அடியில் விளிம்பு அழுத்தும். மெத்தை போட்டால் வழுக்குகிறது. நாள் முழுக்க கணினி முன் இருப்பவர் இதை நம்ப வேண்டாம், ஒழுங்கான அலுவலக நாற்காலி வாங்குங்கள். உட்கார்ந்து எழுந்து, நகர்த்தி, மறுபடி உட்காரும் வேலை என்றால் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. மேசை மேல் ஏற்றி வைத்தால் நின்றபடி வாசிக்கலாம். தட்டச்சுக்கு மட்டும் உயரம் அதிகம், தோள் தூக்கிக்கொள்ளும்.

பலகைகள் ஸ்புரூஸ் என்ற மென்மரம், நகம் பட்டாலே கோடு விழும். என்னுடையதில் காபி வட்டம், கத்திக் கீறல், ஒரு சூடுபட்ட புள்ளி எல்லாம் இருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல் அழுக்கு போய்விடும், பள்ளம் போகாது. தரையில் உரசும் விளிம்பில் மட்டும் கடினமான பீச் மரக் கீற்று வைத்திருப்பது நல்ல யோசனை. அது இல்லாமல் இருந்தால் இழுத்து இழுத்தே கால் தேய்ந்திருக்கும்.

காசு பற்றாக்குறையில் பிறந்த பொருள், இன்று டிசைனர் கடை விலையில் நிற்கிறது. மூன்று பலகைக்கு இந்த விலையா என்று எனக்கும் எரிச்சல்தான், அதனால்தான் பழசாக வாங்கினேன். நீங்களும் பழசு பார்ப்பதாக இருந்தால் கறை, கீறலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பீச் கீற்று தேய்ந்திருந்தாலும் தச்சர் மாற்றிக் கொடுப்பார். கம்பைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். அது சுழன்றால் விட்டுவிடுங்கள். சாய்த்து உட்காரும்போது பாரம் முழுக்க மூலைப் பற்களுக்குப் போய்விடும், அவை விட்டுக்கொடுக்க அதிக நாள் ஆகாது.