மெதுவான எஸ்எஸ்டியும் ரவுண்டானா பக்கத்துக் கடையும்

காவேரிப்பட்டணத்தில் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். திருமணம், காதுகுத்து, தை பிறந்தால் சுற்றுப்புற ஊர்களில் எருது விடும் விழா என்று வேலை ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் முதல் நாள் இரவு வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். வரவேற்பு முடிந்ததும் இரண்டு 128 ஜிபி கார்டுகளையும் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் சேமிப்பகம்) இறக்கி, கார்டுகளைக் காலி செய்து, நான்கு மணிக்குள் மறுபடியும் கேமராவில் போட்டாக வேண்டும்.

கடந்த வைகாசியில் ஒரு மண்டபத்தில் இரவு பத்தே முக்காலுக்கு முதல் கார்டைச் செருகினேன். திரையில் வினாடிக்கு 20 மெகாபைட் என்று காட்டியது. அந்தக் கார்டால் வினாடிக்கு 85, 90 வரை தர முடியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு கார்டுக்கே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவதும் முடிந்தபோது மணி இரண்டேகால். மணப்பெண்ணின் அம்மா எழுந்து வந்து, "இன்னும் கண் மூடவில்லையா?" என்று கேட்டுக் காபி கொண்டுவந்து வைத்தார். அன்று முகூர்த்தப் படங்களை எடுத்தபோது என் கை லேசாக நடுங்கியது. தாலி கட்டும் நேரத்தை இரண்டாவது முறை எடுக்க முடியாது. எனக்கு இது வெறும் கணினிக் கோளாறு இல்லை.

முதலில் வெளியூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். லேப்டாப்பை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "டிரைவர் பழசு" என்றார்கள். டிரைவர் என்பது கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள். டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கும் என்று ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றி 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பிறகு வேகச் சோதனை ஒன்றை ஓட்டி, "பாருங்கள், வினாடிக்கு 1,500 மெகாபைட் எழுதுகிறது" என்று காட்டினார்கள். வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினால் மறுபடியும் அதே 20.

அதன்பிறகுதான் கிருஷ்ணகிரிக் கடைக்குப் போனேன். ஐந்து ரோடு ரவுண்டானாவிலிருந்து பெங்களூரு சாலையில் சற்றுத் தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஒற்றை அறை. பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை. முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் தனியாக நடத்துகிறார். எனக்கு முன்னால் வந்த பெரியவரிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் ஒரே பொறுமையோடு பேசினார். லேப்டாப்பை உள்ளே கொண்டுபோகாமல், "உட்காருங்கள் அக்கா, நீங்களும் பாருங்கள்" என்று திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நொடியில்தான்.

முதலில் கார்டு ரீடரைப் பார்த்தார். யுஎஸ்பி 2.0 துளையில் செருகினாலே வேகம் 35, 40 மெகாபைட்டைத் தாண்டாது என்பதால், துளையை மாற்றிப் பார்த்தார். ரீடரில் குறை இல்லை. அடுத்து டிரைவர். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'ஸ்டாண்டர்ட் என்விஎம் எக்ஸ்பிரஸ் கண்ட்ரோலர்' என்ற வரியைக் காட்டினார். மைக்ரோசாஃப்ட் எழுதிய அந்த டிரைவர் விண்டோஸ் 8.1 காலத்திலிருந்தே விண்டோஸோடு சேர்ந்து வருகிறதாம். கணினியோடு வேகமாகப் பேசும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதுமாம். இன்டெலின் சேமிப்பக டிரைவர் தேவைப்படும் லேப்டாப்புகளும் உண்டு, ஆனால் அதை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்றார். காசு வாங்கிக்கொண்டு எல்லா டிரைவர்களையும் புதுப்பிப்பதாகச் சொல்லும் அந்த மென்பொருளை என் அனுமதி கேட்டு நீக்கினார்.

பிறகு தன்னுடைய வெளிப்புற எஸ்எஸ்டியிலிருந்து 40 ஜிபி கோப்புறை ஒன்றை என் லேப்டாப்பில் நகலெடுத்தார். முதல் 12 ஜிபி வினாடிக்கு 800 மெகாபைட் வேகத்தில் பறந்தது. திடீரென்று வரைகோடு கிணற்றில் விழுந்ததுபோல 30க்கு இறங்கியது. மொத்தம் பதினாறு நிமிடம். முந்தைய கடையில் காட்டிய 1,500 எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற சோதனை மென்பொருள், நாம் மாற்றாத வரை, 1 ஜிபி மட்டுமே எழுதிப் பார்க்கிறது. அந்த 1 ஜிபி எஸ்எஸ்டியின் வேகமான முன்வாசலிலேயே முடிந்துவிடும். மென்பொருளில் குறை இல்லை. நூறு ஜிபி இறக்குகிறவருக்கு அந்த எண் உதவாது, அவ்வளவுதான்.

முன்வாசல் என்றால் என்ன? என்னுடையது கியூஎல்சி வகை எஸ்எஸ்டி. தரவு தங்கும் மிகச் சிறிய அறையான ஒரு செல்லில் நான்கு பிட்டுகளை வைக்கிறது. அதற்கு 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதால் எழுதுவது இயல்பாகவே மெதுவாகும். இதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் எழுதிவைத்து, ஓய்வாக இருக்கும்போது நான்காக அடுக்கிக்கொள்கிறது. அப்படியானால் 1 ஜிபி வேகமாக எழுத 4 ஜிபி காலியிடம் வேண்டும். என் 1 டிபி எஸ்எஸ்டியில் மிச்சம் இருந்தது 60 ஜிபி. நான்கால் வகுத்தால் 15. அந்த 12 ஜிபியின் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

"இடம் குறைவுதான் காரணம் என்றால், மூன்று மாதத்துக்கு முன் நான் சில திருமணங்களை அழித்தபோதும் வேகம் கூடவில்லையே?" என்று கேட்டேன். தம்பியின் முகம் மலர்ந்தது. எஃப்எஸ்யூடில் என்ற கட்டளையைத் தட்டினார். விடையாக 1 வந்தது. அங்கே 0 என்றால்தான் டிரிம் இயங்குகிறது என்று பொருள். 1 என்றால் நிறுத்தப்பட்டிருக்கிறது.

டிரிமை அவர் விளக்கிய விதம் எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது. "மாங்காய் மண்டியில் ஒரு குவியல் விற்றுப்போய்விட்டது. ஆனால் கூலியாளிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அதையும் நல்ல சரக்கு என்று நினைத்து, இடம் தேவைப்படும்போதெல்லாம் தூக்கி வேறு மூலையில் வைத்துக்கொண்டே இருப்பார்." விண்டோஸ் ஒரு கோப்பை அழித்ததை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் செய்திதான் டிரிம். ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேல் நேராக எழுத முடியாது. பெரிய பெரிய தொகுதிகளாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். செய்தி வராததால், நான் என்றோ அழித்த திருமணங்களை எல்லாம் என் எஸ்எஸ்டி சுமந்துகொண்டிருந்தது.

டிரிமை இயக்கினார். பழைய திருமணங்கள் 320 ஜிபியை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "வெட்டி ஒட்ட மாட்டேன் அக்கா. முதலில் நகல், பிறகு நீங்கள் நான்கு ஐந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள், அதன்பிறகு அழிக்கலாம்" என்றார். அடுத்தவர் வீட்டுத் திருமணத்தை என்னைப் போலவே மதிக்கும் ஒருவரை அங்கே பார்த்தேன். அழித்த பிறகு விண்டோஸின் 'ஆப்டிமைஸ்' பொத்தானை அழுத்தினார். பழைய காலியிடங்கள் அனைத்தையும் எஸ்எஸ்டிக்கு மொத்தமாகச் சொல்லிவிடுவதற்கு. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு, அதே 40 ஜிபியை மறுபடியும் எழுதிப் பார்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

டிஸ்க்கின் 'பாலிசிஸ்' பக்கத்தில் ரைட் கேஷிங் (எழுத வேண்டியதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொள்ளும் வசதி) டிக் இல்லாமல் கிடந்தது, அதையும் போட்டார். அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது பெட்டியைத் தொடக் கூடாது, மின்சாரம் போனால் கோப்பு கெட்டுவிடும் என்று எச்சரித்தார்.

கூலி 300 ரூபாய். புதிய எஸ்எஸ்டி வாங்கச் சொல்லி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது, அடுத்த முறை வாங்கினால் ஒரு செல்லில் மூன்று பிட்டுகளை மட்டும் வைக்கும் டிஎல்சி வகையாகப் பார்த்து வாங்குங்கள் என்றார்.

குறைகளையும் சொல்கிறேன். நான்கு மணி நேரம் காத்திருந்தேன். உட்கார இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். ரசீது கேட்டால் துண்டுத் தாளில்தான் எழுதித் தருகிறார். தொலைபேசியை எடுப்பதே இல்லை. படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் முதியவர்களுக்குக் கடினம். தனி ஆள் என்பதால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஓடினால் உதவி கிடைக்காது. ஒரு வாரம் முன்பே போங்கள்.

போன ஞாயிறு பர்கூர் பக்கம் ஒரு திருமணம். வரவேற்பு முடிந்து கார்டைச் செருகினேன். ஒரு கார்டு இருபத்து நான்கு நிமிடம், இரண்டும் ஐம்பது நிமிடத்துக்குள். 200 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும் என்று அந்தத் தம்பி எழுதிக் கொடுத்த தாளை லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். அன்று பதினொன்றரைக்குத் தூங்கிவிட்டேன்.