கேபிளிங் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 1,80,000 ரூபாய் போய்விட்டது

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் சுவரில் இருந்த நெட்வொர்க் பாக்ஸைக் கழற்றி, கேபிளின் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டு இழுப்பில் உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். இதற்கு 1,80,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆர்டர் எடுத்துச் செய்யும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. புதிதாக ஒரு மாடி எடுத்தோம். சுவரில் நெட்வொர்க் வயர் செருகும் பாயின்ட் 36, கேபிள் எல்லாம் வந்து சேரும் ரேக் ஒன்று, 8 கேமரா, 3 வைஃபை. வேலைக்கு ஆள் காட்டித் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் விவரம் போட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு போன் வந்தது. அதில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரை இருந்த ஒருவரை வரச் சொன்னேன்.

அவர் வேலையைப் பேசிய விதத்தில்தான் விழுந்தேன். லேசர் மீட்டரை வைத்து ஒவ்வொரு அறையாக அளந்தார். ரேக்கிலிருந்து சுவர் பாயின்ட் வரை 90 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அவரே சொன்னார். கரண்ட் வயரோடு சேர்த்து ஓட்ட மாட்டேன், தனிப் பைப் போடுவேன் என்றார். பிறகு பையிலிருந்து கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிளில் ஒரு சாண் துண்டை எடுத்து என் கண் முன்னாலேயே சுரண்டினார். “பாருங்கண்ணா, சுத்தக் காப்பர். அலுமினியத்துல காப்பர் பூசுன கேபிளை நான் தொடவே மாட்டனுங்க.” டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்த கிளாஸைத் தானே கழுவி வைத்தார். இப்படிப்பட்ட ஆளைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

மொத்தம் 2,40,000 என்று பேசி அன்றைக்கே 1,00,000 அனுப்பினேன். பொருள் இறங்கிய அன்று 80,000. 305 மீட்டர் பெட்டிகள் வந்தன. அதைத் தூக்கிய எங்கள் ஆபீஸ் பையன், “என்னங்கண்ணா, வெயிட்டே இல்ல?” என்றான். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் இருந்த கேபிளைச் சுரண்டிப் பார்க்கவும் இல்லை. துண்டைத்தான் பார்த்துவிட்டேனே!

வேலை முடிந்த நாலாம் நாள், ரேக்குக்குத் தூரத்தில் இருந்த கேமராக்கள் விட்டுவிட்டு அணைந்தன. கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதனால் தூரம் போகப் போக வோல்டேஜ் குறைந்துவிடும். அப்போது எனக்கு இது தெரியாது. அவருக்குப் போன் போட்டேன். “ஸ்விட்ச் பிரச்சனைங்கண்ணா.” கேபிள்களை எல்லாம் இணைக்கும் அந்த நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினேன். “கேமரா விக்கிறவங்களக் கேளுங்க.” கேட்டேன். “நாளைக்குப் பையனை அனுப்பறேன்.” ஒன்பது நாள் யாரும் வரவில்லை. “ஊர்ல நோம்பிங்க.” டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதற்குச் சின்ன டெஸ்டரில் எட்டு லைட் எரிவதைப் படம் பிடித்து அனுப்பினார். கம்பி அறுபடவில்லை, வரிசை மாறவில்லை என்று மட்டும்தான் அந்த லைட் காட்டும். நேற்றிலிருந்து போனை எடுப்பதே இல்லை.

அந்தத் தளத்திடம் போன வாரமே புகார் சொன்னேன். “நாங்க தொடர்பு மட்டும்தான் ஏற்படுத்தித் தர்றோம் சார், பணம் உங்களுக்குள்ள பேசிக்கிட்டது.” மறுநாள் என் புகார் எண்ணுக்குப் பக்கத்தில் ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டிருந்தார்கள். எதைத் தீர்த்தார்கள்? 1,80,000 ரூபாய் யாரிடம் இருக்கிறது? அந்த முத்திரைக்கு என்னதான் அர்த்தம்?

காலையில் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். வியாபாரத்துக்காக எடுத்த சேவை என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம், சிவில் கேஸ்தான் போட வேண்டியிருக்கும் என்றார். என்னிடம் ஜிஎஸ்டி பில் கிடையாது, வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் மட்டும்தான். அதிலும் ‘கேட்6 கேபிள்’ என்று இருக்கிறதே தவிர, ‘காப்பர்’ என்ற வார்த்தையே இல்லை.

விவரமாக எழுத இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். கொட்டேஷனில் கேபிளின் பிராண்டும் ‘சுத்தக் காப்பர்’ என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இறங்குகிற ஒவ்வொரு பெட்டியிலும் நீங்களே ஒரு துண்டு வெட்டிச் சுரண்டுங்கள். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஃப்ளூக் மாதிரி, கேபிளின் தரத்தையே அளக்கும் மெஷினில் எடுத்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை பாதிப் பணத்தையாவது பிடித்து வையுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

வேறு ஆள் வந்துவிட்டார். 36 கேபிளையும் உருவி எடுக்க வேண்டுமாம், ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். போன 1,80,000 போக, அந்தச் செலவு தனி.