விரல்நுனி பல்ஸ் ஆக்சிமீட்டர்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கொரோனா பரவிய காலத்தில் வாங்கிய விரல்நுனி பல்ஸ் ஆக்சிமீட்டரை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இக்கருவி, விரலைக் கவ்விக்கொண்டு சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் நகத்தின் வழியே செலுத்துகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சுமக்காததும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், நாடித்துடிப்போடு மாறும் பங்கை மட்டும் பிரித்தெடுத்து, இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைச் சதவீதமாகக் கணிக்கிறது. 1970-களில் இந்த முறையை உருவாக்கிய ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி, உலகமே இக்கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் காலமானார்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஏழாம் நாளில்தான். காய்ச்சல் தணிந்திருந்தது, கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டபோது இல்லை என்றார். அதுவரை 97, 96 என்று இருந்த அளவு அன்று காலை 93-ஐக் காட்டியது. அறைக்குள்ளேயே சில நிமிடங்கள் நடக்கச் சொல்லிப் பார்த்தபோது 89-க்கு இறங்கியது. உடனே மருத்துவமனைக்குச் சென்றோம், அன்று மாலையே ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்கினார்கள். மூச்சுத்திணறல் என்ற உணர்வைப் பெரிதும் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. இந்த நோயின் தொடக்கத்தில் நுரையீரல் அதை வெளியேற்றிக்கொண்டே இருந்ததால், ஆக்சிஜன் குறைவது பலருக்குத் தெரியாமலே போனது. 90-க்குக் கீழே ஆக்சிஜன் அளவின் சரிவு செங்குத்தாகிவிடும் என்பதால், உடல் தானே எச்சரிக்கட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது.

சிகிச்சையைத் தீர்மானிப்பதிலும் இந்த அளவுக்குப் பங்கு உண்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் கிடைக்கவில்லை. அளவைப் பார்க்காமலே முதல் நாளிலிருந்து ஸ்டீராய்டு விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கை அசைந்தாலும் அளவு தவறிவிடும். மாட்டியவுடன் தோன்றும் முதல் எண்ணை நம்பாமல், எண் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை உடன் வந்த துண்டுத்தாள் சொல்லவே இல்லை. திரையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 98 என்பது 86 போலத் தெரியும். ஒரு நள்ளிரவில் அப்படிப் படித்துவிட்டு வீடே பதறியது. இவற்றைவிடக் கவலைக்குரியது தோலின் நிறம். அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்றில், ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கருவி காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. திரையில் 90 என்று தெரிந்தால் உண்மையான அளவு 86 முதல் 94 வரை எங்கும் இருக்கலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. கரும்புகையில் சிக்கியவருக்கோ கார்பன் மோனாக்சைடைக்கூட ஆக்சிஜனாக எண்ணி இது நல்ல எண்ணையே காட்டிவிடும். கிருமி தொற்றியிருக்கிறதா என்பதையும் இது சொல்லாது. அதற்குப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே ஒற்றை எண்ணை நம்பி வாங்குவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரம் குறித்து, காலையும் மாலையும் ஒரே விரலில், உட்கார்ந்து இளைப்பாறிய பின் அளந்து, ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இது விலைமதிப்பற்றது. முந்தைய நாளைவிட மூன்று புள்ளி குறைந்திருப்பது, தனித்து நிற்கும் 94-ஐவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும். நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் அளந்து வைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். எங்கள் கருவியின் பின்புறத்தில் சிறு தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறோம்: அம்மா 97, அப்பா 95, நான் 98.