உவர்மலையா, திருக்கடலூரா, உப்புவெளியா?

திருகோணமலைக்கு இடமாற்றம் பெற்று வரும் குடும்பங்கள் வாடகை வீடு தேடத் தொடங்கியதும் இந்த மூன்று பெயர்களே அதிகம் அடிபடுகின்றன. மேற்கே மலைகள் அரண்செய்த உட்துறைமுகம் குளம்போல அடங்கிக் கிடக்க, கிழக்கே திறந்த கடல் அலையெறிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம் அமைந்திருப்பதால், எந்த நீரை அண்டி வீடு எடுக்கிறோம் என்பதே அன்றாட வாழ்வின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது.

உவர்மலை உட்துறைமுகத்தை ஒட்டிய மேட்டுநிலம். ஆளுநர் செயலகமும் விவேகானந்தா கல்லூரியும் இங்கேயே இருப்பதால் உத்தியோகத்தர் குடும்பங்கள் இதையே முதலில் நாடுகின்றன. மரநிழலும் அமைதியும் உண்டு. ஆனால் அயலவர் பலர் மாற்றலாகி வந்து போகிறவர்கள். பக்கத்து வீட்டோடு பழக்கம் வேரூன்றுமுன் அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்துவிடும்.

திருக்கடலூர் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழும் மக்களின் ஊர் அது. விடியற்காலையில் கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறுகளையும் பற்றியவர்கள் மெல்ல மெல்ல நெருங்கி வர, வலையின் மடி கரையேறியதும் சூடையும் நெத்தலியும் மணலில் துள்ளும். அங்கேயே விலை பேசி வாங்கிச் சமைக்கும் மீனின் சுவையைச் சந்தையில் எதிர்பார்க்க முடியாது. பத்திரகாளி அம்பாள் கோயில், பள்ளிவாசல், புனித மரியாள் பேராலயம் என நகரின் பல்சமய முகம் முழுவதும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது வாசல்தோறும் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் தெருக்களுக்கு அருகில் வாழ்வது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரும் பேறு என்றே கருதுகிறேன். குறையும் உண்டு: உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கிழக்குக் கரை இது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நிலாவெளி வீதியில் சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் உப்புவெளியில் கடற்கரை அழகானது. இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்களின் பொதுநலவாய மயானமும் அங்கே செவ்வனே பேணப்படுகிறது. எனினும் அதன் நாடித்துடிப்பு உல்லாசப் பயணிகளின் பருவத்தைச் சார்ந்தது: தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் விடுதிகள் நிறைந்திருக்கும், வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கியதும் கரை வெறிச்சோடும். நகரப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் நாளாந்தப் பயணமும் சுமையாகும்.

ஓரிரு ஆண்டுகள் மட்டும் தங்க வருபவர்களுக்கு உவர்மலை போதும். இந்த நகரத்தோடு ஒன்றிவிட விரும்புபவர்களுக்கு நான் திருக்கடலூர்ப் பக்கத்தையே பரிந்துரைப்பேன், கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி. முற்பணம் கொடுப்பதற்கு முன், மார்கழி மழையில் அந்த ஒழுங்கையில் வெள்ளம் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கும் என்று அயல்வீட்டாரிடம் கேட்டறிவது நல்லது.