தானாகப் பொங்க விடுவதா, உறை ஊற்றுவதா, பாக்கெட் ஈஸ்டா?

இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிடக்கும் மலைச்சரிவுதான் கியாந்தி கிளாசிக்கோ. அங்கே ஐந்தாறு ஹெக்டேரில் சாஞ்சோவேசே திராட்சை வளர்த்து இயற்கை முறையில் ஒயின் செய்கிறவர், சாறு எந்த ஈஸ்டில் நொதிக்கப்போகிறது என்பதை அறுவடைக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நசுக்கிய பழத்தைத் தானாகப் பொங்க விடலாம். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, முன்னதாகவே நொதிக்க வைத்த கொஞ்சம் சாற்றை ஊற்றலாம். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பியே தெ குவ் என்பார்கள். பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்டையும் கரைத்துவிடலாம்.

இயற்கைச் சான்றிதழ் இந்த மூன்றில் எதற்கும் தடை சொல்வதில்லை. 2012இல் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி முக்கியமாக இறுக்கிப் பிடிப்பது, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடை. சர்க்கரை லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாக உள்ள சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு மொத்தம் 100 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். சாதாரண ஒயினுக்கு 150. கெட்டபின் கந்தகத்தைக் கொட்டிச் சமாளிக்க இடமில்லை. நொதித்தல் முதலிலிருந்தே சுத்தமாக நடக்க வேண்டும்.

தானாகப் பொங்க விடுவதைத் 'தோட்டத்து ஈஸ்ட்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் நொதித்தலை முடித்துத் தரும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட், நல்ல பழத்தின் தோலில் அரிதாகத்தான் இருக்கும். அது குடியிருப்பது ஒயின் செய்யும் பாதாள அறையின் குழாய்களிலும் தொட்டி இடுக்குகளிலும். தோலில் நிறைந்திருப்பது ஹான்செனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்ட் இனங்கள். இவைதான் முதலில் கிளம்பும், ஆல்கஹால் 4, 5 சதவீதம் வந்ததும் தளர்ந்துவிடும். அதற்குள் சாக்கரோமைசிஸ் பெருகாவிட்டால் எத்தில் அசிட்டேட் ஏறி, தொட்டியைத் திறந்தவுடன் நகப்பூச்சு வாடை அடிக்கும். அந்த வாடையை எடுக்க நல்ல வழி கிடையாது. ஒரே தொட்டியை நம்பி ஆண்டு வருமானம் நிற்கிற சிறு தோட்டத்துக்கு இது பெரிய ஆபத்து.

பாக்கெட் ஈஸ்டில் வேலை எளிது. 100 லிட்டருக்கு 20 கிராம் வீதம், 2,000 லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். 37 டிகிரி வெந்நீர் 4 லிட்டரில் தூவி 20 நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தொட்டிக்கும் கரைசலுக்கும் வெப்ப வேறுபாடு 10 டிகிரிக்குள் வந்தபின் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு 15 டிகிரி சாற்றில் நேரே கொட்டினால் குளிர் அதிர்ச்சியில் பாதி செத்துவிடும். பிறகு பாக்கெட் சரியில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

நல்ல ஆண்டுகளில் எங்கள் ஓட்டு உறைக்குத்தான். அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னால் 100 கிலோ பழத்தைக் கையால் பறிக்க வேண்டும். குளவி கடித்த பழம், பறவை கொத்திய பழம் ஒன்றுகூட வரக்கூடாது. வினிகர் பாக்டீரியா அந்தக் காயத்தில்தான் ஏறிக்கொள்ளும். காம்பு நீக்கி நசுக்கி, சுமார் 20 லிட்டர் வீதம் நான்கு பாத்திரங்களில், ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் வெவ்வேறு பகுதிப் பழமாகப் பிரித்து வையுங்கள். பாத்திரத்துக்கு 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (கந்தக டை ஆக்சைடு தரும் உப்பு) போட்டால் காட்டு இனங்கள் அடங்கும், சாக்கரோமைசிஸ் தாங்கிக்கொள்ளும். 22 முதல் 24 டிகிரியில் வைத்து, மேலே மிதக்கும் தோலைத் தினம் இரண்டு முறை அமுக்கிவிட வேண்டும்.

மூன்று நான்கு நாளில் நுரை கட்டும். அப்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியே முகர வேண்டும். நல்லதில் பழமும் ரொட்டி மாவும் கலந்த மணம் வரும். நகப்பூச்சோ வினிகரோ லேசாக அடித்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நான்காகப் பிரித்ததே இதற்காகத்தான். 1.095இல் தொடங்கிய சாற்றின் அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.045க்கு இறங்கும்போது ஆல்கஹால் 6 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். 2,000 லிட்டருக்கு 60 லிட்டர் ஊற்ற அதுதான் தருணம். சர்க்கரை முழுதும் தீரும்வரை காத்திருந்தால், பசியில் வாடிய ஈஸ்ட் புதுச் சாற்றில் எழும்பவே திணறும்.

அறுவடை மழையில் மாட்டிப் பழத்தில் பூஞ்சை கண்டால் கணக்கு மாறிவிடும். அந்த ஆண்டு உறைக்குப் பழம் தேடாதீர்கள், ஈஸ்ட் பாக்கெட்டைத் திறந்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் சாற்றில் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அழுகிய முட்டை வாடை வரலாம். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த வேளையில், அடியிலிருந்து சாற்றைத் திறந்த வாளியில் இறக்கிக் காற்றுப்படவிட்டு மேலே ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உறை ஊற்றியவர்களும் ஆல்கஹாலைத் தாங்கும் இன ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். அடர்த்தி 1.005 பக்கம் இரண்டு நாளாக அசையாமல் நின்றால் அது தேவைப்படும். நேராகக் கொட்டினால் பலனில்லை. நின்றுபோன ஒயினையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கி, தொட்டியை 20 டிகிரிக்கு மேல் வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். தாமதித்தால் மிச்சச் சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியா தின்று, ஒயினை வினிகர்ப் புளிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.