எல்சிடி சவுண்ட்சிஸ்டம்: பிரிவுக்கு முன்னா, பின்னா?

எல்சிடி சவுண்ட்சிஸ்டம் என்ற இந்த அமெரிக்க நடன-ராக் இசைக்குழுவை எந்த ஆல்பத்தில் கேட்கத் தொடங்கலாம்? பலரும் இரண்டுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். ஒன்று, 2007இல் வந்த 'சவுண்ட் ஆஃப் சில்வர்'. இன்னொன்று, 2011இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் விடைபெற்றவர்கள் மறுபடி சேர்ந்து 2017இல் தந்த 'அமெரிக்கன் ட்ரீம்'.

ஆட்டம்
முன்னது: கால் தானாக ஆடும்.
பின்னது: மெதுவாகத்தான் சூடேறும். கிராமி வென்ற 'டோனைட்' மட்டும் உடனே எழுப்பிவிடும்.

நீளம்
முன்னது: 9 பாடல்கள், ஒரு மணி நேரத்துக்குள்.
பின்னது: 10 பாடல்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

மனசு
முன்னது: 'ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்' ஒரே பியானோத் துணுக்கை 7 நிமிடத்துக்கு மேல் விடாமல் சுழற்றியே தொண்டையை அடைக்க வைக்கும்.
பின்னது: கடைசிப் பாட்டு 'பிளாக் ஸ்கிரீன்', 2016இல் மறைந்த பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியை நினைத்து, குழுவின் தலைவர் ஜேம்ஸ் மர்ஃபி பாடியது. குழுவை மறுபடி சேர்க்க மர்ஃபிக்குத் தைரியம் தந்தவரும் போவிதான். அது தெரிந்து கேட்டால், அந்த 12 நிமிடமும் பெரிய நன்றிக்கடன்.

நண்பர்களோடு ஆட, முதன்முதலாகக் கேட்க: 'சவுண்ட் ஆஃப் சில்வர்'. இழப்பைச் சுமப்பவர்கள், இரவில் தனியே ஹெட்போனில் கேட்பவர்கள்: 'அமெரிக்கன் ட்ரீம்'. அப்புறம், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.