நான்கு வருடமாக லேப்டாப்போடு ஒரு ப்ளாப்பி டிரைவ்

கல்யாணப் பத்திரிகை, கவிதைத் தொகுப்பு, ஆய்வேடு என்று 1997 முதல் 2004 வரை எங்கள் டிடிபி சென்டரில் அடித்த வேலையெல்லாம் மூன்றரை இஞ்ச் ப்ளாப்பி டிஸ்க்குகளில்தான் இருந்தது. கடையை மூடியபோது அவை இரண்டு செருப்புப் பெட்டிகளில் பரணுக்கு ஏறின. அவற்றைப் படித்தெடுக்கத்தான் நான்கு வருடம் முன்பு யூஎஸ்பி ப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். இன்றும் ஓடுகிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியாக டிரைவர் எதுவும் போடவில்லை. சொருகியதும் ஏ டிரைவ் என்று வந்துவிடும். புது லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருந்ததால் மலிவான ஹப் வழியாக மாட்டினேன். பாதியில் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. மோட்டாருக்குக் கரண்ட் பற்றவில்லை. சின்ன அடாப்டர் வைத்து நேரடியாக மாட்டியபின் அந்தத் தொல்லை இல்லை. 1.44 எம்பி முழுவதையும் படிக்க ஒரு நிமிஷம் போல ஆகும். 720 கேபி டிஸ்க்குகளையும் என் டிரைவ் படிக்கிறது.

முதல் வாரத்திலேயே பெரிய தவறு ஒன்று செய்தேன். பூஞ்சை பிடித்த ஒரு டிஸ்க்கைப் பார்க்காமல் உள்ளே தள்ளிவிட்டேன். அடுத்துப் போட்ட நல்ல டிஸ்க்குகளும் படிக்கவில்லை, டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு அப்பிக்கொண்டது. இரண்டு டிஸ்க்குகளில் வட்டமாகக் கீறலே விழுந்துவிட்டது. அதில் ஒன்று ஒரு தமிழாசிரியரின் கவிதைத் தொகுப்பு. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். அதிலிருந்து எந்த டிஸ்க்கானாலும் உலோக மூடியை நகத்தால் தள்ளி, பின்பக்கச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின்தான் டிரைவுக்குள் போகும். மூலையில் உள்ள சின்னக் கட்டையை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுவதும் முக்கியம், அப்போதுதான் தெரியாமல்கூட எதுவும் எழுதாது. ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் பதறி ‘ஆம்’ கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க்கின் முதல் செக்டார் (தகவல் பதியும் சின்னத் துண்டு) படிக்கவில்லை என்றாலும் அது அப்படித்தான் கேட்கும். உள்ளே ஃபைல்கள் பத்திரமாக இருக்கலாம்.

ஃபைலை ஒவ்வொன்றாக காப்பி செய்வதையும் விட்டுவிட்டேன். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக, அதாவது அப்படியே நகலான ஒரே ஃபைலாக, எடுக்கிறேன். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பும் வைத்துக்கொள்ளும். அதனால் விட்ட இடத்திலிருந்து இன்னொரு டிரைவிலும் தொடரலாம். நண்பரின் பழைய டிரைவை இரவல் வாங்கி மாட்டியபோது, என்னுடையது கைவிட்ட செக்டார்கள் பல அதில் வந்தன. ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் மயிரிழை மாறுவதுதான் காரணம்.

சரி, இமேஜ் வந்துவிட்டது, தமிழ் வரவேண்டுமே? பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்ததை அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒருமுறை உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துவிடுகிறேன். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல்களுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

பத்துக்கு ஏழு டிஸ்க் முழுதாக வந்துவிட்டது. ஒரு ஆய்வேட்டில் மட்டும் மூன்று செக்டார் இன்னும் பாக்கி. அடித்துக் கொடுத்தபோது மாணவியாக இருந்தவர் இப்போது பேராசிரியர். அவர் கையிலும் வேறு பிரதி இல்லையாம். மூன்றாவதாக ஒரு டிரைவ் தேடிக்கொண்டிருக்கிறேன்.